புகையில்லா மாநாடும் மாயக்காவின் பச்சைக்காயும்

பசுமை மாநாடு நடத்துவது எப்படி என்று நான்கு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். நீங்கள் எல்லாம் படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிற பிள்ளைகள். சணல் பை எங்கே கிடைக்கும், பாக்குமட்டைத் தட்டு எத்தனை வாங்க வேண்டும், மிஞ்சிய சோற்றை எந்த உரக்குழிக்கு அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. அதை நான் வேறு எழுதிக் காகிதத்தை வீணாக்குவானேன்? அதுவும் பசுமைக்கு விரோதம்தானே.

ஆகவே நான் செய்த தப்பைச் சொல்கிறேன். அது உங்கள் போனில் இருக்காது. போடியில் கல்யாண வீடுகளுக்கு நாற்காலி வாடகைக்கு விட ஆரம்பித்து, கம்பெனிக்காரர்களை மலைக்குக் கூட்டிக்கொண்டு போய் மாநாடு நடத்திக் கொடுக்கும் வரைக்கும் வந்தவள் நான். தொழிலை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. இப்போது யாருக்கும் "சரிங்க சார்" போட வேண்டியதில்லை. அதனால் கொஞ்சம் வாய் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் கம்பெனிக்காரர்கள் மலைக்கு வந்தால் குடிப்பார்கள், பாடுவார்கள், பாட்டிலைப் பள்ளத்தில் வீசுவார்கள், போய்விடுவார்கள். பிறகு அவர்களுக்குச் சுற்றுச்சூழல் மேல் பாசம் வந்தது. அன்றிலிருந்து குடித்து, பாடி, பாட்டிலை வீசிவிட்டு, போவதற்கு முன்னால் ஒரு மரக்கன்றும் நடுகிறார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஆனால் அந்த ஓநாய்க்குப் பந்தல் போட்டுக் கொடுத்தவள் நான். அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

மரக்கன்று என்றதும் ஞாபகம் வருகிறது. தேவாரம் பக்கம் அடிவாரத்தில் ஒரு தோப்பை ஒட்டி முப்பது குழி தோண்டி வைத்திருந்தோம். ஒரு கம்பெனி வந்து நட்டது, படம் எடுத்தது, கைதட்டியது. அடுத்த வாரமே ஆடு மேய்ந்துவிட்டது. குழி காலியாக இருக்கிறதே என்று இரண்டாவது கம்பெனியைக் கூட்டிக்கொண்டு போனேன். தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் அதுவும் காய்ந்தது. மூன்றாவது கம்பெனிக்கும் அதே குழிதான். மூன்று கம்பெனிக்காரர்களும் தங்கள் ஆண்டறிக்கையில் அந்தத் தோப்பைக் காடு என்று போட்டுக்கொண்டார்கள். இன்றைக்கும் அங்கே போனால் முப்பது குழி இருக்கிறது, மரம் ஒன்றும் இல்லை. குழி தோண்டுகிற கூலி மிச்சம் என்று அன்று நான் சந்தோஷப்பட்டேன். கேட்டால் சிரிப்பு வரும் கதை இது. இனிமேல் சொல்லப் போவது அப்படி இல்லை.

சென்னையிலிருந்து ஒரு பெரிய கம்பெனி. நூற்றிருபது பேர், இரண்டு நாள். ஹோட்டல் வேண்டாம், இயற்கையின் மடியில் வேண்டும் என்றார்கள். அந்தக் கம்பெனியில் சுற்றுச்சூழலுக்கென்றே ஒரு பிரிவு, அதற்கு ஒரு தலைவர். ஆதித்யா என்று பெயர், முப்பது வயது இருக்கும். நல்ல பையன்தான். மரியாதையாகப் பேசுவான், "மேடம்" போடாமல் ஒரு வாக்கியம் முடிக்கமாட்டான். உலகத்தைக் காப்பாற்றுகிற பட்டியல் ஒன்று அவன் கையில் எப்போதும் இருக்கும்.

"பிளாஸ்டிக் ஜீரோ, மேடம். ஃபிளெக்ஸ் ஜீரோ. எமிஷனும் ஜீரோ. ரெண்டு நாளும் சைட்ல எந்தப் புகையும் இருக்கக்கூடாது. பசுமைச் சான்று தர்றதுக்கு ஒருத்தர் நேர்லயே வர்றார். அவர் ஒரு புகையைப் பார்த்தாலும் போச்சு, மேடம்."

சாப்பாட்டைப் போடியிலேயே சமைத்து மேலே ஏற்றிவிடலாம், பிறகென்ன புகை என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

இடத்துக்கு நான் பிடித்தது மாயக்காவை. போடிக்காரிதான். வீட்டுக்காரர் கீழே கடையைப் பார்த்துக்கொள்ள, போடிமெட்டு தாண்டி மலையில் இருக்கிற நாலு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம் முழுக்க இவள் பொறுப்பு. தோட்டத்துக்கு நடுவே காய் உலர்த்துகிற கட்டடம் ஒன்று உண்டு. மலையில் அதை ஸ்டோர் என்பார்கள். கீழே உலையில் விறகு எரியும், அந்தச் சூடு குழாய் வழியாக ஏறி, மேலே தட்டில் பரப்பிய காயை உலர்த்தும். ஸ்டோருக்கு முன்னால் பெரிய சிமெண்டுக் களம். சுற்றிலும் ஏலச்செடி, மேலே நிழல் மரம், மேகம் வந்து தோளில் உட்காரும். ஆதித்யா பார்த்த உடனே "மேடம், இதுதான்" என்று போனை எடுத்துவிட்டான்.

மாயக்காவும் நானும் ஒருவரையொருவர் மதினி என்று கூப்பிட்டுக்கொள்கிறவர்கள். "ஒங்களுக்கு இல்லாததா மதினி?" என்றாள். "நீங்க வர்றதுக்கு முந்தியே காயை எடுத்து, ஒணத்தி, ஸ்டோரைக் கூட்டிப் பெருக்கி வச்சிருவேன். களத்துல நீங்க ஆடுங்க, பாடுங்க, என்ன வேணும்னாலும் செய்ங்க."

அந்தக் காயெடுப்பு அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். முந்தின கோடையில் மழை பொய்த்து, பாதிச் செடி கருகிப் போயிருந்தது. மிச்சத்தைப் பிள்ளை வளர்க்கிற மாதிரி வளர்த்துக் காய்க்க வைத்திருந்தாள். ஒரு வருடத்துக்கு அப்புறம் வருகிற முதல் நல்ல எடுப்பு அது. அதை வைத்துத்தான் கருகின இடத்தில் புதுக் கன்று வைக்க வேண்டும். இது போனால் தோட்டத்தை யாருக்காவது குத்தகைக்கு விட்டுவிட்டு இறங்கிவிட வேண்டியதுதான் என்று அவளே என்னிடம் சொல்லியிருந்தாள்.

இப்போது என் கெட்டிக்காரத்தனத்தைக் கேளுங்கள்.

ஆதித்யாவுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி ஆகாது, மூங்கில் நாற்காலி வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் ஒன்றுக்குள் ஒன்றைச் சொருகி ஒரே லோடில் மலையேற்றிவிடுவேன். மூங்கில் நாற்காலி அடுக்காது. ஒன்றுக்கொன்று கால் மாட்டிக்கொண்டு சண்டைக்கு நிற்கும். ஒரு ஜீப்பில் பத்து ஏற்றினால் பெரிது. அதுபோக மண்பானை, மரமேடை, சாக்குத்துணி. பிளாஸ்டிக்கை ஒழிக்க வந்த நாற்காலி, டீசலைக் குடித்துக்கொண்டே மலை ஏறியது.

போடியிலிருந்து காயெடுக்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு தினமும் விடியலில் ஜீப்புகள் மேலே போகும், நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த ஜீப்புக்காரர்களில் சுருளி எனக்குப் பழக்கம். அவனையும் அவன் கூட்டாளிகளையும் சேர்த்து ஆறு ஜீப்பை மூன்று நாளைக்குப் பேசினேன்.

"அக்கா, காயெடுப்பு நேரம்க்கா. பொம்பளையாளுக காத்துக் கெடப்பாக" என்றான் சுருளி.

"மூணு நாள்தானேப்பா. மலை எங்கயும் ஓடிராது" என்றேன்.

அந்த மூன்று நாளில் ஆள் ஏற்ற ஜீப்பில்லாமல் நின்றுபோன எடுப்புகளில் ஒன்று மாயக்காவுடையது. எனக்கு அது தோன்றவே இல்லை. அவளும் என்னிடம் கேட்கவில்லை, களத்தில் சாமான் இறக்கிய ஜீப்புகளைப் பார்த்தும் முதலில் என் வேலை முடியட்டும் என்று இருந்துவிட்டாள். மாநாட்டுக்கு முதல் நாள் சாயங்காலம் என் சாமான் எல்லாம் மேலே சேர்ந்து, ஜீப்புகள் விடுபட்டன. மறுநாள் விடியலில், அதாவது மாநாட்டு நாளன்று, காயெடுக்கிற பெண்கள் பதினைந்து பேர் மாயக்கா தோட்டத்தில் வந்து இறங்கினார்கள். அன்றைக்கு விட்டால் அவர்கள் அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுவார்கள், திரும்பி வர ஒரு வாரம் ஆகும். அதுவரை பழுத்த காய் செடியிலேயே வெடித்துவிடும். அதனால் மாயக்கா எடுக்கச் சொல்லிவிட்டாள்.

காலையில் மாநாடு தொடங்கியது. முதல் நிகழ்ச்சி, செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணோடு உறவாடுவது. நூற்றிருபது பேர் களத்தை ஒட்டிய ஈர மண்ணில் "ஸ்ஸ்ஸ்" என்று கூசிக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். செடிக்குள் உட்கார்ந்து காய் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் தலையை நீட்டி என்னைக் கேட்டாள்.

"ஏக்கா, இவுகளுக்கெல்லாம் என்ன நேர்த்திக்கடன்? இம்புட்டுப் பேரும் ஒரே நேரத்துல வேண்டிக்கிட்டாகளா?"

"ஆமாத்தா, உலகம் நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்டாங்க" என்றேன்.

"அப்ப அட்டை கடிச்சாலும் தாங்கிக்கிடணும்" என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, நிதிப் பிரிவு மேலாளர் ஒருவர் ஒற்றைக் காலில் நின்று அலற ஆரம்பித்தார். உறவாடல் அத்தோடு முடிந்தது.

பிறகு பேச்சுகள். மேடைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மின்திரை. பச்சை இலை ஒன்று விரியும், அதற்குள்ளிருந்து "ஜீரோ எமிஷன்" என்று எழுத்து வரும், மறுபடி இலை சுருங்கும். அது நாள் பூராவும் விரிந்து சுருங்கிக்கொண்டே இருந்தது. மலையில் கரண்ட் நிலவரம் உங்களுக்குத் தெரியும். அந்த இலை விரிவதற்கு ஸ்டோருக்குப் பின்னால் ஒரு டீசல் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பச்சைத் துணியால் மூடி, புகைக்குழாயைப் பள்ளத்துப் பக்கம் திருப்பிவிட்ட மூளை என்னுடையதுதான். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்பார்களே, அதில் இடிக்கிற வேலை என்னிடம் இருந்தது.

சான்று தர வந்தவர் அறுபது வயதுக்காரர், கையில் அட்டை, அதில் படிவம். அவருக்கு ஜெனரேட்டர் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். அதன் பக்கத்தில் நின்றுதான் டீ குடித்தார். நான் கொஞ்சம் பயந்துபோய்ப் பார்த்தேன். "அது வாடகைக்குக் கொடுத்தவர் கணக்கில் வரும். மாநாட்டுக் கணக்கில் வராது" என்று அவரே எனக்கு ஆறுதல் சொன்னார்.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். களத்தின் ஓரத்தில் சாக்குச் சாக்காகப் பச்சைக்காய் வந்து இறங்கியது. மாயக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்த முகமாக வந்தாள்.

"நல்ல காய் மதினி. கிளிப்பச்சை. இத்தனை வருசத்துல இப்பிடிக் காய் பாத்ததில்லை. உலையில தீயப் போட்டுர்றேன். வெரசா தட்டுல பரப்பிட்டா நாளைக்கு இந்நேரம் ஒணந்துரும்."

தீயைப் போட்டால் புகை எழும்பும், சான்றுக்காரர் களத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பறித்த ஏலக்காயைச் சாக்கில் வைத்திருக்கக் கூடாது. ஈரத்தோடு ஒன்றன் மேல் ஒன்று அழுந்தி உள்ளுக்குள்ளேயே வெந்துவிடும். பச்சை போய்ப் பழுப்படிக்கும். பச்சைக்குத்தான் விலை.

"கொஞ்சம் பொறுங்க மதினி, இதோ பேசிட்டு வந்துர்றேன்" என்றேன்.

ஆதித்யாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். அவன் முகம் சுண்டிவிட்டது.

"மேடம், ஸ்மோக்கா? இன்னைக்கா? அக்ரிமெண்ட்ல இருக்கே மேடம்! அந்தக் காயை ரெண்டு நாள் ஃபிரிட்ஜ்ல வைக்க முடியாதா?"

"பதினெட்டு சாக்குப்பா."

"சரி, வெயில்ல காய வைக்கலாமே? சோலார்! அது இன்னும் நல்ல ஸ்டோரி, மேடம்."

மேகம் களத்துக்கே இறங்கி வந்து எங்கள் இருவர் மூக்கையும் நனைத்துக்கொண்டிருந்த நேரம் அது. பின்னாலேயே வந்து நின்ற மாயக்கா அவனுக்குப் பொறுமையாகச் சொன்னாள். "வெயிலே இல்லையே தம்பி. இருந்தாலும் வெயில்ல போட்டா காய் வெளுத்துரும். வெளுத்த காயை எவன் வாங்குவான்?"

"வெள்ளையும் நேச்சுரல் கலர்தானே ஆண்ட்டி?" என்றான். பையன் கிண்டல் பண்ணவில்லை, நிஜமாகவே கேட்டான். மாயக்கா என்னைப் பார்த்தாள்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த நிமிடமே நான் "தீயைப் போடுங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். நம் தொழிலில் இதைவிட மோசமான வார்த்தை கிடையாது. கேட்கிறவர்களுக்கு வேலை முடிந்துவிட்ட மாதிரி இருக்கும், சொல்கிறவர்களுக்கும் அப்படியே இருக்கும், வேலை மட்டும் அங்கேயே கிடக்கும்.

சுருளியைக் கூப்பிட்டு, பக்கத்து ஸ்டோர்களில் இடம் இருக்கிறதா பார்த்துவிட்டு வா என்று அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தான்.

"ரெண்டு ஸ்டோர்லயும் ரொம்பி வழியுதுக்கா. மூணு நாளா எடுக்காத காயெல்லாம் இன்னைக்கு ஒரே நாள்ல எறங்கியிருக்கு" என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நம்ம ஜீப்பைப் பிடிச்சு வச்ச சோலிதான்க்கா" என்றான்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவள் நான்தான். அப்போதாவது வாயைத் திறந்தேனா? இல்லை. சான்றுக்காரர் நான்கு மணிக்குக் கீழே இறங்கிவிடுவார் என்று ஒரு கணக்குப் போட்டேன். அவர் இறங்கவில்லை, வாழைப்பூ வடை நன்றாக இருக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார். கம்பெனித் தலைவர் பேசி முடித்ததும் போய்விடுவார் என்று அடுத்த கணக்கு. தலைவர் மூன்றரைக்குப் பேச வேண்டியவர், நாலே முக்காலுக்குத்தான் மேடை ஏறினார். நடுவில் இரண்டு தடவை மாயக்கா வந்து நின்றாள். இரண்டு தடவையும் "இதோ மதினி, இதோ" என்றேன். அவள் என்னை நம்பிப் போனாள்.

மூன்றாம் தடவை வந்தபோது அவள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அடியில் கிடந்த சாக்கின் வாயைப் பிரித்து, என் கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டாள்.

சுட்டது. சாயங்காலக் குளிரில் எல்லாரும் சால்வை போர்த்திக்கொண்டு நிற்கிறோம். சாக்குக்குள் அப்போதுதான் வடித்த சோறு மாதிரிச் சூடு.

"காய் வேகுது மதினி" என்றாள். "ஒரு வருசமா வளத்தது, என் கண்ணு முன்னாடியே வேகுது. ஒங்களுக்குக் கும்புடுபோடணுமா? போடுறேன்."

அவள் கையைக் கூப்பினாள். நான் சட்டென்று அந்தக் கையைப் பிரித்துவிட்டேன்.

"தீயைப் போடுங்க மதினி! எவன் வந்து என்ன கேக்குறான்னு நான் பாக்குறேன்."

மாயக்கா உலைக்கு ஓடினாள். எடுப்புப் பெண்கள் பதினைந்து பேரும் யாரும் சொல்லாமலே சாக்குகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறித் தட்டில் கொட்ட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஸ்டோரின் புகைபோக்கியிலிருந்து வெள்ளையாக ஒரு இழை எழும்பியது. முதலில் பார்த்தவர் சான்றுக்காரர். வடையைக் கீழே வைத்துவிட்டு அட்டையைக் கையில் எடுத்தார். ஆதித்யா பாய்ந்து வந்தான்.

"மேடம், என்ன மேடம் இது! எம்.டி. பேசிட்டிருக்கார்! ஜீரோ சொல்லியிருக்கோமே! ஒரு புகை தெரிஞ்சாலும் போச்சுன்னு சொன்னேனே!"

"ஒரு புகைதானே உனக்குக் கஷ்டம்? ஒண்ணைக் குறைச்சுர்றேன்" என்றேன். நேரே ஸ்டோருக்குப் பின்னால் போனேன். பச்சைத் துணியை உருவி எறிந்தேன். "சுருளி, நிப்பாட்டு!"

சுருளி என்னைப் பார்த்தான், ஒரு வினாடி யோசித்தான், நிறுத்திவிட்டான். இலை விரிந்துகொண்டிருந்தபோதே திரை கறுப்பாகியது. மைக் செத்தது. "நம்முடைய பொறுப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்த தலைவர், வாய் அசைய நின்றார். பிறகு மைக் இல்லாமலே கத்திப் பேசினார். அதற்கு முன்னால் மைக்கில் எதிரொலித்ததால் அவர் பேச்சு யாருக்கும் சரியாகப் புரிந்திருக்காது. இப்போது தெளிவாகக் கேட்டது, அதில் விஷயம் ஒன்றும் இல்லை என்பதும் தெரிந்துபோயிற்று.

இதைப் படிக்கும்போது நீங்கள் சிரிப்பீர்கள். கைகூடத் தட்டுவீர்கள். தட்டாதீர்கள். தீயைப் போடச் சொன்னது சரியான முடிவு, மூன்று மணி நேரம் தாமதமாக வந்த சரியான முடிவு. ஜெனரேட்டரை நிறுத்தியது வெறும் கோபம். அதனால் ஒரு காய்கூடப் பிழைக்கவில்லை. என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை அந்தப் பையன் மேலும் ஒரு இயந்திரத்தின் மேலும் காட்டினேன், அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் நானே போய் மறுபடியும் ஓடவிட்டேன், ராத்திரிச் சாப்பாட்டுக்கு விளக்கு வேண்டுமே.

மறுநாள் காலையில் இன்னொரு கூத்து. காய் உலர உலர மலைச்சரிவு முழுக்க மணந்தது. தோட்டத்தில் போட்டிருந்த கூடாரங்களிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து வந்து, களத்தில் நின்று கண்ணை மூடி மூச்சை இழுத்தார்கள். "வாவ் மேடம், எந்த பிராண்ட் வாசனை டிஃப்யூசர் வச்சிருக்கீங்க?" என்று ஒரு அம்மா கேட்டார். உலையைக் காட்டினேன். உடனே உலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசை சேர்ந்துவிட்டது. மாயக்கா விறகு போட வழியில்லாமல், "செத்த ஒதுங்குங்கம்மா, செத்த ஒதுங்குங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

பசுமைச் சான்று கிடைக்கவில்லை. அறிக்கையை ஆதித்யா எனக்கு அனுப்பிவைத்தான். மாநாட்டு இடத்தில் காணப்பட்ட ஒரே புகை உள்ளூர் மக்களின் விறகு உலையிலிருந்து வந்தது என்றும், அவர்களுக்குச் சுற்றுச்சூழல் விழிப்புணர்வு வகுப்பு நடத்துவது நல்லது என்றும் எழுதியிருந்தது. ஜெனரேட்டரைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. அந்தக் கம்பெனி அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. அந்த வகுப்பை நடத்தித் தருவீர்களா என்று மட்டும் அங்கிருந்து வேறு ஒருவர் போன் செய்தார். நான் அவரிடம் பேசியதை இங்கே எழுத முடியாது.

உங்களுக்குத் தெரிய வேண்டியது காய் என்ன ஆயிற்று என்பது. ஸ்டோரைத் திறந்து தட்டுகளை வெளியே எடுத்தபோது நானும் நின்றேன். மேலே கிடந்த சாக்குகளின் காய் பச்சையாகவே இருந்தது. அடியில் கிடந்த ஏழு சாக்கின் காய் பழுப்படித்துவிட்டது. மாயக்கா பிரித்துப் பிரித்துக் கொட்டினாள். அந்த ஏழு சாக்குதான் கருகின இடத்துக்குக் கன்று வாங்க வைத்திருந்த பங்கு.

காயை ஏலம் விட்ட அன்று நானும் அவளோடு போனேன். இப்போது விலை கேட்பதெல்லாம் கம்ப்யூட்டரில்தான். ஆனால் சாம்பிள் காயை உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பது மட்டும் மாறவில்லை. மாயக்காவின் பச்சைக் காயைக் கொட்டியவர்கள் விரலால் புரட்டினார்கள், பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார்கள். பழுப்புக் காயைக் கொட்டியவர்கள் உடனே தட்டில் திருப்பிப் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்கள். கடைசியில் அது தள்ளுபடி விலைக்குத்தான் போனது.

வெளியே வந்து டீக்கடைப் பக்கம் நின்றோம். நான் இரண்டு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"என்னை மன்னிச்சுருங்க மதினி. நான் எவ்வளவோ சொன்னேன். அந்தப் பையன்தான் விடவே இல்லை. அக்ரிமெண்ட், சான்றுன்னு பயமுறுத்திட்டான்."

"அந்தத் தம்பியை ஏன் இழுக்குறீக?" என்றாள் மாயக்கா. கோபமாகக் கேட்கவில்லை. "அது பட்டணத்துப் பிள்ளை. வெள்ளைக் காய் ஆகாதான்னு கேட்ட பிள்ளை. அதுக்கு என்ன தெரியும்? அதுக்குச் சொல்லிக்குடுத்ததை அது சொல்லுச்சு. நீங்க சொல்லுங்க. சாக்கு எறங்கி, நான் தீப்போடுறேன்னு வந்து நின்னப்பவே ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா, இந்தக் காய் சாயங்காலம் வரைக்கும் தாங்காதுன்னு?"

ஏலம் முடிந்து ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். அவள் நகராமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பது வருடம் எத்தனையோ கம்பெனித் தலைவர்களுக்கு நின்ற இடத்தில் பதில் சொன்ன வாய் இது. அன்றைக்கு அதற்குள் ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

"தெரியும் மதினி" என்றேன்.